விட்ட பக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றதும் மாரிசெல்வம் புத்தகத்தோடு கட்டிலில் உட்காருவான். அதற்குள் கீதா குடங்களை நிரப்பி மூடியிருப்பாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கம்பெனிக்காரன் கொடுத்த குழந்தைச் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டத் தொடங்குவாள்.

கீதா தாராவியில் பிறந்தவள். படித்தது இந்திப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. மாரிசெல்வம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல்பைப் பட்டறைக்கு வந்தவன். நாவல் இல்லாமல் இருக்க முடியாதவன். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினான். அது அப்படியே பழகிவிட்டது. கதை பிடித்தால் அவள் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிடும். அந்த அமைதிக்காகவே நல்ல கதையாகத் தேடிக் கொண்டுவருவான். திங்கட்கிழமை அதே கதை இந்தியில் பக்கத்து வீட்டு சஃபீனாவுக்குப் போகும்.

இந்தத் தடவை வடிவு என்று ஒருத்தியின் கதை. நாலாவது அத்தியாயத்தில் மாரிசெல்வத்தின் நாக்கு தடுக்கியது. வடிவு எதையாவது கேட்க வாயெடுத்தால் அவள் புருஷன் ‘பாப்போம்’ என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவானாம். ஒன்றரைப் பக்கம் அதையே எழுதியிருந்தது. அவன் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டான்.

மாட்டுங்காவில் சாயங்காலம் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறார்களாம், போகட்டுமா என்று மழைக்காலத்தில் கீதா கேட்டிருந்தாள். பாப்போம் என்று சொல்லிவிட்டு அவன் டீக்கடைக்குப் போனான். தீபாவளியும் வந்து போய்விட்டது.

எழுதியவர் விடுவதாக இல்லை. அத்தியாயத்துக்கு ஒரு தரம் அந்தச் செருப்புக்குத் திரும்பி வந்தார். மாரிசெல்வமும் சளைக்காமல் தாண்டினான். அவன் தாண்டத் தாண்ட வடிவின் புருஷன் நல்லவனாகிக்கொண்டே வந்தான்.

இன்றைக்கு வடிவு ஒரு துணிப்பையோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். கத்தரிக்கோல் நின்றது.

“கொழுப்பு,” என்றாள் கீதா. “குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், சம்பளத்த அப்படியே கொண்டாந்து குடுக்கான். இவளுக்கு இன்னும் என்ன வேணுமாம்?”

சஃபீனா கேட்டால் காறித் துப்புவாள் என்றாள். உங்களை மாதிரி ஒருத்தன் வாய்த்தும் பிழைக்கத் தெரியாதவள் என்றாள்.

குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், சம்பளம். நீ எப்படிப்பட்டவன் என்று யாராவது கேட்டிருந்தால் மாரிசெல்வமும் அந்த மூன்றைத்தான் சொல்லியிருப்பான். நல்ல புருஷனுக்கு அவ்வளவு போதும் என்று நினைத்திருந்தான். வடிவு பட்டதையெல்லாம் எழுதியவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். நடுவில் இவன் விழுங்கிவிட்டான். பாவம், வடிவு ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“கொஞ்சம் விட்டுப்போச்சு,” என்று பின்னால் திருப்பினான்.

விட்டதையெல்லாம் வரிசையாக வாசித்தான். ‘பாப்போம்’ வந்த இடத்தில் குரலை மாற்றிப் பார்த்தான். முடியவில்லை. அவன் குரலாகவே வந்தது. கீதா நூல் வெட்டவில்லை, நிமிரவும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனான். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அவன் வலது கால் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.

கீதா சட்டையொன்றை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் காலால் அந்தச் செருப்பை இழுத்து, துணிக் குவியலுக்கு அடியில் தள்ளினாள். வடிவு மேல் தப்பில்லை என்று நாளைக்கு முதல் வேலையாக சஃபீனாவிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

அலமாரியில், கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு வாசித்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவள் அவற்றை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள்.

“அதுலெல்லாம் எத்தன பக்கம் விட்டிருக்கிய?”