மை வைக்காத கன்னம்

லேப்டாப்பின் அடிமூடியில் பன்னிரண்டு திருகாணிகள் இருந்தன. செல்லமுத்து ஒவ்வொன்றையும் கழற்றி, எந்த மூலையிலிருந்து எடுத்தாரோ அதே மூலைக்கு நேராக வெள்ளைத் துண்டின் மேல் வைத்தார். முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு வடநாடு சுற்றியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தீஸ்கர் காட்டில் கம்ப்ரஸரையே பிரித்துப் போட்டு ஒரு போல்ட் மிச்சமில்லாமல் மாட்டிய கை அது. ஆனால் அங்கே போல்ட்டுகள் கட்டைவிரல் தண்டி இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவுதான். இரண்டு தடவை நழுவவிட்டு, தரையை உள்ளங்கையால் தடவித் தடவித் தேடி எடுத்தார். எதிரே சொம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனில், முகம் காட்டாத யாரோ ஒருவன் இதே வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தான். செல்லமுத்து அவனைத் திரும்ப ஆரம்பத்துக்கு இழுத்து வந்தார்.

தெருக்கதவைத் தாழ் போட்டிருந்தார். மனைவி மாரியாயி மஞ்சள் காட்டுக்குக் களை வெட்டப் போயிருந்தாள், மூன்று மணிக்கு மேல்தான் வருவாள். தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல உட்கார்ந்திருப்பது அவருக்கே கேவலமாக இருந்தது. அதற்காக எழுந்து போய்விடவும் முடியவில்லை.

லேப்டாப் மகள் அபிநயாவுடையது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. காலேஜ் முடிகிற வரைக்கும் அதில்தான் படித்தாள், அதில்தான் வேலைக்கும் எழுதிப் போட்டாள். கடைசியில் அதன் நெட் கார்டு செத்துப் போனது. "ஒரு கார்டு வாங்கி மாட்டிக் குடுங்கப்பா, சேலத்துல கெடைக்குமாமா" என்று அவள் கேட்டபோது செல்லமுத்து வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அடுத்த நடை போயிட்டு வந்து பாத்துக்கலாம் சாமி" என்றார். அந்த நடை முடிந்து அவர் திரும்பியபோது வீட்டில் லேப்டாப் இருந்தது, மகள் இல்லை. ஓசூரில் கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். வேறு சாதி.

அதோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு வழி இருந்திருக்கும். போலீஸ் ஸ்டேஷனில், பங்காளிகள் பத்துப் பேர் பின்னால் நிற்க, அந்தப் பெண் "அப்பா" என்று ஒரு அடி முன்னால் வந்தபோது, செல்லமுத்து அவளைப் பார்க்காமல் எழுத்தரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு இருந்தது ஒரே புள்ளைங்க. அது செத்துப் போச்சுங்க." வீட்டுக்கு வந்ததும் மோட்டாரைப் போட்டு, தொட்டியில் இறங்கித் தலைமுழுகினார். பங்காளிகள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மாரியாயி அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள். "கேஸ் தீர்ந்து போச்சுது" என்று அவள் வெள்ளாட்டிடம் சொல்ல, செல்லமுத்து சிலிண்டருக்குப் பதிவு செய்வார். வீடு இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் பால் சொசைட்டியில் சின்னுசாமி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உன்ற பேத்திக்கு மூணு மாசமாமப்பா. என்ற மருமவன் ஓசூர்ல பாத்துட்டு வந்து சொன்னான். நல்லா செவப்பா இருக்குதாமா." செல்லமுத்து கேனை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று கேனைக் கழுவவே மறந்து, மறுநாள் பால் திரிந்துபோனது. குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? செத்துப்போனதாகச் சொன்னவளின் குழந்தையைக் காட்டு என்று எந்த வாயால் கேட்பது?

அப்போதுதான் அந்த ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது. நான்கைந்து வருஷம் முன்னால், காட்டில் குட்டி போட்ட ஆட்டை அபிநயா செல்போனில் படம் பிடித்தாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் குட்டி அதற்குள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. ஒயரும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்லமுத்து வாயைப் பிளந்துவிட்டார்.

"எங்கிருந்து புடிச்சாலும் இதுல வந்துருமா?"

"எங்கிருந்தாலும் வந்துருமுங்கப்பா. நீங்க சத்தீஸ்கர்ல இருந்தாக்கூட."

நாமகிரிப்பேட்டையில் லேப்டாப் பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரன் பங்காளி முறை. அங்கே கொண்டுபோனால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் சேலத்துக்கு பஸ் ஏறினார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூபதி என்று ஒருவர். திருப்பிப் பார்த்ததுமே, "பேட்டரி உப்பிருச்சுங்ணா. கழட்டி எடுத்துருங்க, திரும்பப் போடாதீங்க. இனிமே கரண்ட்லதான் ஓடும். நெட் கார்டு இருக்குது, வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார்.

செல்லமுத்து லேப்டாப்பைக் கையை விட்டு விடவில்லை. மாட்டினால் சோதித்துப் பார்க்கத் திறப்பான். திறந்தால் படங்கள் வரும். அந்தக் குழந்தையின் முகத்தைத் தனக்கு முன்னால் ஒரு கடைக்காரன் பார்ப்பதா? "நானே மாட்டிக்கறனுங்க, எப்புடின்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பூபதி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கார்டையும், அது வேலை செய்வதற்கான டிரைவர் சாப்ட்வேர் போட்ட ஒரு பென் டிரைவையும் கொடுத்தார். சந்தேகம் கேட்க வேண்டுமானால் கூப்பிடச் சொல்லி நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

கார்டு தீப்பெட்டியில் பாதிதான் இருந்தது. உப்பிய பேட்டரியையும் செத்துப்போன கார்டையும் எடுத்துவிட்டுப் புதிய கார்டைச் சாய்வாக நுழைத்து, அழுத்தி, ஒற்றைத் திருகாணியை முடுக்கினார். கடைசியில் இன்னும் ஒரு சுற்றுப் போடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம்தான் பெரிய பாடு. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, நூல் போல இரண்டு ஒயர்கள். அவற்றின் முனையில் கடுகளவுக்கு ஒரு கொண்டை. அதைச் சட்டைப் பொத்தானை அழுத்துவது போலக் கார்டின் மேல் அழுத்த வேண்டும். அவர் விரல் நகத்துக்குக் கீழே கொண்டை போன இடமே தெரியவில்லை. ஏழெட்டுத் தடவை வழுக்கியது. வேர்வை புருவத்திலிருந்து சொட்டி உள்ளே விழுந்துவிடுமோ என்று பயந்து தலைப்பாகை கட்டிக்கொண்டார். வெள்ளை உட்கார்ந்தது. இன்னும் நாலு தடவைக்குப் பிறகு கறுப்பும் உட்கார்ந்தது. மூடியைப் போட்டுப் பன்னிரண்டு திருகாணிகளையும் மாட்டினார்.

சுவரில் இருந்த பிளக் தொளதொளவென்று ஆடியது. கையை எடுத்தால் கரண்ட் போனது. காகிதத்தை மடித்து இடுக்கில் செருகினார். லேப்டாப் முனகிக்கொண்டே எழுந்து நான்கு எண் கேட்டது. அது அவருக்குத் தெரியும். அவர் ஓட்டிய போர் வண்டியின் நம்பரைத்தான் மகள் பூட்டாக வைத்திருந்தாள். பென் டிரைவில் இருந்ததை ஏற்றினார். செல்போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். கீழ் மூலையில் வெகு நேரம் எதுவும் இல்லை. பிறகு சின்னதாக ஒரு விசிறிக் குறி வந்தது. அதன் பக்கத்தில் ஒரு மேகம் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் வந்தது பழைய ஆட்டுக்குட்டி. அப்புறம் அவர் பார்த்திராத ஊர்கள், பார்த்திராத சேலைகள். கழுத்தில் மாலையோடு மகளும் அந்தப் பையனும். அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை, யாரையோ தேடுவது போல ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லமுத்து அதை வேகமாகத் தாண்டினார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று. அதற்கடுத்துக் குழந்தை. ஒன்று, இரண்டு, நூறு, நானூறு. ஒன்றைப் பெரிதாக்கினார். வலது காதின் மேல்மடல் உள்பக்கமாக மடிந்திருந்தது. செல்லமுத்துவின் காதும் அப்படித்தான். அவர் அம்மாவின் காதும் அப்படித்தான் இருந்தது. கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. அவர் அழுதார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

புழக்கடைக் கதவைத் தாழ் போட மறந்திருந்தார். மாரியாயி களைக்கொத்தோடு பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"பொட்டு வெக்கலீங்களே" என்றாள்.

ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. செல்லமுத்துவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் அருகில் உட்கார்ந்தாள். முழங்கை வரைக்கும் காட்டு மண்.

"பச்சப்புள்ள கன்னத்துல மை இல்ல, நெத்தியில இல்ல. சொல்றதுக்குப் பெரியவங்க யாரும் கூட இல்லையாட்டம் இருக்குது."

"யாரு கண்ணு படப் போவுது, அவங்க ஊட்டுக்குள்ளதான இருக்குது" என்றார் அவர்.

"நம்ம கண்ணுதானுங்க மொதல்ல பட்டது."

படத்தின் மேலே பேனா போல ஒரு குறி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். நிறங்கள் வந்தன. கறுப்பைத் தொட்டார். கீழே இருந்த தொடுபலகையில் விரலை நகர்த்தி நகர்த்தி, குழந்தையின் இடது கன்னத்தில் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. "இன்னங் கொஞ்சம் பெருசா" என்றாள் மாரியாயி. பெரிதாக்கினார். பாதுகாக்கவா என்று லேப்டாப் கேட்டது. காப்பாற்றத்தானே பொட்டு வைத்தோம் என்று நினைத்து ஆமாம் என்பதை அழுத்தினார். அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆட்டிடம் யாரும் பேசவில்லை.

மறுநாள் மதியம் திறந்தபோது புதிய படம் எதுவும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அது வரைக்கும் நாள் தவறாமல் நாலைந்து படம் எடுத்தவள். குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மாரியாயி புலம்ப ஆரம்பித்தாள். செல்லமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று பொட்டு வைத்த படத்தைத் தேடினார். அதைக் காணவில்லை. பூபதிக்குப் போன் போட்டு, யார் படம் என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னார்.

"ஏனுங்ணா, நீங்க இதுல கிறுக்குனா அது அங்கயும் போயிருக்குமுங்க. ரெண்டும் ஒண்ணுதான். அவங்க போன்ல தெறந்தா நீங்க வெச்ச பொட்டோடதான் தெரியும்."

செல்லமுத்து போனைக் காதிலேயே வைத்திருந்தார். ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டு, உள்ளே போகிற காற்றுதான் மண்ணை மேலே கொண்டுவரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். வந்த வழியிலேயே ஒன்று திரும்பிப் போகும் என்று இங்கே அவருக்குத் தோன்றவில்லை.

"நிறுத்திருவாங்களா?" என்று கேட்டார்.

"நெனச்சா அங்கிருந்தே நிறுத்திரலாமுங்க. பாஸ்வேர்டு கேக்கும். அப்ப தெரையில தெறந்திருக்கற படம் மட்டும் நிக்கும், மூடிட்டா திரும்ப வராது."

மகள் பார்த்துவிட்டாள், பார்த்து அந்தப் படத்தை அழித்தும் விட்டாள். எந்தக் கை அந்தப் பொட்டை வைத்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த லேப்டாப் எந்த வீட்டில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். மாரியாயியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. "அவ அழுதிருப்பாளுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "இல்ல, பயந்திருப்பா" என்றாள்.

ஐந்தாம் நாள் மதியம், மாரியாயி காட்டுக்குப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேகம் சுற்றியது. ஒரு படம் வந்தது.

செல்லமுத்து அதைப் பெரிதாக்கினார். முகம் இல்லை. ஒரு சின்ன உள்ளங்கால் மட்டும் திரை முழுக்க இருந்தது. ரோஸ் நிறத்தில், நடந்தே பழகாத பாதம். அதன் நடுவில் வட்டமாக, அழுத்தமாக ஒரு மைப்பொட்டு. கணுக்காலை ஒரு கை பிடித்திருந்தது. அது அபிநயாவின் கை. சின்ன வயதில் கதிர் அரிவாள் பட்ட தழும்பு ஆள்காட்டி விரலில் அப்படியே இருந்தது.

"வெச்சுட்டா" என்றாள் மாரியாயி.

அவர் வாயைத் திறப்பதற்குள் திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பாஸ்வேர்டு கேட்டது. பாதத்தின் விரல்கள் மேலேயும் குதிகால் கீழேயும் தெரிய, பொட்டை அது மறைத்தது. செல்லமுத்து வண்டி நம்பரை அடித்தார். தவறு என்று சிவப்பில் வந்தது. மறுபடியும் அதையே அடித்தார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கடைசியில் பெட்டியை விரலால் இழுத்து ஓரமாகத் தள்ளினார். அது போய் மூலையில் நின்றுகொண்டது, போகவில்லை. பாதம் முழுசாகத் தெரிந்தது.

"மூடிராதீங்க" என்றாள் அவள்.

லேப்டாப்பின் விசிறி இரைந்தது. திரை ஒரு தடவை மங்கி, மறுபடி தெளிந்தது. செல்லமுத்து சட்டென்று சுவரைப் பார்த்தார். செருகிய காகிதம் நழுவிக் கீழே கிடந்தது, பிளக் தொங்கலில் நின்றது. அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், சுவரோரம் குந்தி, கட்டைவிரலால் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அவருக்குத் திரை தெரியவில்லை. திரையின் வெளிச்சம் மாரியாயியின் முகத்தில் விழுந்திருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.