ஓர்ப்படி வீட்டுக் கரண்ட்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சத்தியம் செய்யும் ரகம் இல்லை நான். இருக்கிறது. வண்டி வண்டியாக இருக்கிறது. என் ஓர்ப்படி வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரியும். அவள் போர்டிகோவில் கார் நிற்கும். உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ஒயர் நீண்டு வந்து காரில் சொருகியிருக்கும். அந்த வீட்டில் எனக்கு ஆகாதது அந்த ஒயர் ஒன்றுதான்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. நான் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்தான் இவள். கற்றுக்கொண்ட கையோடு தானும் ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தாள். நான் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன், அவளும் வாங்கினாள். அதே கம்பெனி, அதே வெள்ளை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் அவளுக்கு இருப்பது சொந்த வீடு. எனக்கு இரண்டாவது மாடியில் வாடகை வீடு. கீழே பார்க்கிங்கில் ஒரே ஒரு சார்ஜிங் பாயின்ட் போட்டுக்கொள்கிறேன் என்று ஃப்ளாட் செக்ரட்டரியிடம் நாயாய்ப் பேயாய் அலைந்தேன். "தீப்பிடிச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்று கையை விரித்துவிட்டார். அதனால் எனக்கு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பின்னாலிருக்கும் ஃபாஸ்ட் சார்ஜர்தான் கதி. அவள் வீட்டில் மூன்று யூனிட்டுக்கு ஆகிற காசு எனக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு ஆகும். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், வரி, வரிசையில் நிற்கும் நேரம்.

"அவ கார் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுது, நம்ம கார் மூணு வேளையும் ஹோட்டல்ல சாப்பிடுது. அவ்வளவுதானே?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கென்ன, தம்பி பெண்டாட்டி என்றால் பல்லைக் காட்டுவார்.

கரண்ட் மலிவு என்பதால் அவளால் ஃபீஸைக் குறைக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. என்னிடம் சேர விசாரித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு நர்ஸ் பெண். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது, லைசென்ஸ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இவளும் போய்விட்டால் காரை விற்றுவிட்டு வீட்டில் குந்த வேண்டியதுதான்.

அவளுடைய டெஸ்ட் அன்று மத்தியானம். காலையெல்லாம் ஓட்டிப் பழகியதில் காரின் பேட்டரி சிவப்பில் வந்து நின்றது. டெஸ்ட் மைதானம் வரைக்கும்கூடத் தாங்காது. "பயப்படாத, பத்து நிமிஷம் சொருகினா போதும்" என்று அவளைச் சார்ஜருக்கு ஓட்டச் சொன்னேன்.

அங்கே இருப்பது இரண்டு மெஷின். ஒன்று செத்து மாதக்கணக்காகிறது. இன்னொன்றின் முன்னால் ஒரு வெள்ளைக் கார், தூணை உரசுகிற மாதிரி கோணலாக நின்றது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. என் ஓர்ப்படி!

வீட்டில் சுவரைத் தொட்டால் கரண்ட் கொட்டுகிறவளுக்கு இங்கே என்ன வேலை? விறுவிறுவென்று இறங்கிப் போய் மெஷினின் திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு சதவீதம். எண்பதைத் தாண்டினாலே கரண்ட் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். தொண்ணூற்றாறில் நிற்கும் காரை ஃபாஸ்ட் சார்ஜரில் சொருகுகிறவளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"வீட்டுல கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து என் வயித்துல அடிக்கிற? இருந்த பொண்ணுங்களையெல்லாம் இழுத்துக்கிட்ட. மிச்சம் இருக்கிறது இந்த ஒருத்தி. இவளுக்கு இன்னிக்கு டெஸ்ட். அதையும் கெடுக்கணும்னே வந்து அடைச்சுக்கிட்டு நிக்கிறியா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. பின்சீட்டில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பேருமே முன்பு என்னிடம் விசாரித்துவிட்டுப் போனவர்கள்தான்.

"என் பொண்ணுங்க எல்லாரும் ரிவர்ஸ்ல ஃபெயிலாகறாங்கக்கா," என்றாள், தரையைப் பார்த்தபடி. "டெஸ்ட்ல கம்புக்கு நடுவுல பின்னால போகச் சொன்னா இடிச்சுடறாங்க. உங்ககிட்டப் படிச்சவங்க மட்டும் ஒரே தடவையில பாஸாகறாங்க. எங்க பழகறாங்கன்னு இன்ஸ்பெக்டரே கேட்டாராம், சார்ஜர்லன்னு சொன்னாங்களாம். அதான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். சார்ஜ் போடாத வண்டி இங்க நிக்கக் கூடாதுன்னு வாட்ச்மேன் விரட்டினாரு. அதனால சொருகிட்டேன்."

அந்த இடம் அப்படி. ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் சுவர். மெஷினின் ஒயர் குட்டை, எங்கள் காருக்குச் சொருகும் இடம் பின்பக்கம். ரிவர்ஸில் போனால்தான் எட்டும். பின்னால் நான்கு வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நடுவில் என் பெண்கள் தினமும் காரை உள்ளே நுழைப்பார்கள். அதை நான் என் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒருத்தி, அதுவும் இவள், ஏங்கியிருக்கிறாள். சொன்னால் என்ன, மனசுக்குள் ஜில்லென்று இருந்தது.

"முதல்ல வண்டியை வெளிய எடு," என்றேன்.

எடுக்க வரவில்லை அவளுக்கு. வெளியே ஹார்ன் சத்தம். தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் கை தானாக எழுந்துவிட்டது. "லெஃப்ட்ல ஒடி. இன்னும். போதும், நேராக்கு. ஹார்ன் அடிக்கிறவனைப் பார்க்காத, என் கையைப் பாரு." முதல் முதலில் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். கார் வெளியே வந்தது.

நர்ஸ் பெண் ஒரே வீச்சில் பின்னால் போய் உள்ளே நிறுத்தினாள். ஓர்ப்படியின் பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பத்து நிமிஷம் சார்ஜ் ஏறியதும் கிளம்பினோம். ஓர்ப்படி ஜன்னல் பக்கம் வந்து, "சாயங்காலம் நம்ம வீட்டுல வந்து சார்ஜ் போட்டுக்கோங்கக்கா," என்றாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

நர்ஸ் பெண் பாஸாகிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கார் மறுபடியும் சிவப்பு. சார்ஜரில் நீள வரிசை என்று ஃபோனில் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர்ப்படி வீட்டுக்குத் திருப்பினேன்.

கேட் திறந்தே இருந்தது. அவள் கட்டிய வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லுவேன்.

தெருவிலிருந்து தெரியாத உள்சுவரில் அவளுடைய சார்ஜிங் பாயின்ட் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை, தூசி படிந்திருந்தது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன மீட்டர் வேறு.

"இது யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான். என் பாயின்ட்டுக்கு வயரிங் பண்ணப்பவே இதையும் போடச் சொன்னேன்."

"மீட்டர்?"

"ஓசின்னா நீங்க தொடமாட்டீங்க. ரோஷக்காரி ஆச்சே. அதான் தனியா வெச்சேன், ஆகறதைக் குடுத்துடுவீங்கன்னு. உள்ள வந்தா காட்டலாம்னு பார்த்தேன். நீங்க கேட்டுக்கு வெளியவே நின்னு பேசிட்டுப் போயிடுவீங்க."

மீட்டரில் வரிசையாகச் சைபர்கள். இத்தனை நாளாக நான் மூன்று மடங்கு கொடுத்ததெல்லாம் எதற்கு என்று அது என் மூஞ்சிக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒயரை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டுச் சொருகினேன்.

"நாளைக்கு உன் பொண்ணுங்களை அந்தத் தூண்கிட்ட கூட்டிட்டு வா," என்றேன். "ஆனா ஃபீஸ் என் ரேட்டுதான்."

"சரிக்கா," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் துளிக் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வீட்டில் முந்தினாள், கரண்டில் முந்தினாள், ஃபீஸில் முந்தினாள். நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.