மங்கலாக எரிந்த பல்பு

இந்தக் காலத்தில் எவன் வாயிலிருந்தும் உண்மை வராது என்பது சடையனின் கட்சி. ஏன் என்று கேட்டால் எவனும் மழையைச் சொல்வான், ரோட்டைச் சொல்வான், போன மாதம் போட்ட டீசலைச் சொல்வான். நாலு வருஷமாக அவருடைய பிக்கப்பை ஓட்டும் அன்பரசனும் அப்படித்தான். மூன்று நாளைக்கு முன் புளி மூட்டைகளோடு வளைவில் நின்ற வண்டி, இன்று ஜமுனாமரத்தூர் சந்தை வாசலில் மறுபடி நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. தானா நின்னுடுச்சி."

தானாக நிற்பதற்கு அது என்ன மாடா? தனக்குத் தெரியாமல் சவாரி அடித்துக் கெடுத்திருக்கிறான். டீக்கடையே பார்த்திருக்க, சடையன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நாளையிலேர்ந்து நீ வராத!"

அன்பரசன் போகவில்லை. வண்டியை எதிரே இருந்த முதஸ்ஸிரின் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "பாய் பாத்து சொல்லட்டும். எம்மேல தப்புன்னா நானே போய்டறேன்."

வாணியம்பாடியிலிருந்து வந்து கடை போட்டவர் முதஸ்ஸிர். சடையனிடம் சாவியை வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "மறுபடி கிராங்க் சென்சார்னுதான் காட்டுது. இன்ஜின் சுத்துதுன்னு சொல்றதே அதுதான். அது வாய மூடிகினா வண்டி நின்னுடும்."

"அப்ப மாத்து."

"முந்தாநாள்தான பெரியவரே புதுசு போட்டோம்?"

சென்சாரில் ஒயர் சொருகும் கப்ளரைக் கழற்றி, அதற்குக் கரண்டு கொண்டுவரும் ஒயரில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் காட்டியது.

"கரண்டு வருதில்ல? ஒயரு சரி. ஓட்டறவன்தான் சரியில்ல" என்றார் சடையன்.



முதஸ்ஸிர் டெஸ்ட் லைட்டை எடுத்தார். கூர் ஊசி, கைப்பிடிக்குள் சின்ன பல்பு, வாலில் ஒரு கிளிப். கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, ஊசியால் பாசிட்டிவைத் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதே ஊசியால் சென்சாருக்கு வரும் ஒயரைத் தொட்டார். அணையப்போகும் பீடி போல ஒரு சிவப்பு, அவ்வளவுதான்.

"மீட்டருக்கு ஒரு சொட்டு கரண்டு போதும். பல்பு இழுத்துக் குடிக்கும். உள்ள இழை அறுந்திருந்தா இதுகிட்ட மாட்டிக்கும்."

"பக்கத்து ஒயரயும் குத்திப் பாரு."

"அது சிக்னல் ஒயருங்க. அதுல பல்ப வச்சா வண்டியோட கம்ப்யூட்டரே போய்டும்."

கப்ளர் பக்கமாக ஒயரைச் சீவினார். பச்சைப் பொடி உதிர்ந்தது. உள்ளே செம்பு இழை ரெண்டோ மூணோதான் மிச்சம். கப்ளர் ரப்பரில் ஒட்டியிருந்த நாரைக் குச்சியால் எடுத்து மோந்தார். "புளி! இதுல எவன் புளி வச்சது?"

ஒயரில் பச்சை பூத்திருக்கிறதென்று மழைக்கு முன் கையளவு புளியைக் கரைத்துத் தேய்த்தவர் சடையன். வீட்டில் அவர் மனைவி சாந்தம்மாள் பித்தளைக் குடத்தை அப்படித்தான் தேய்ப்பாள். பளபளவென்று ஆகும்.

அன்பரசன் அவர் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

"நான்தான் தேச்சேன்" என்றார் சடையன். "கொடம் இன்னா கெட்டா போச்சி?"

"கொடத்தக் கழுவுவாங்க பெரியவரே. இத கழுவாம வுட்டீங்க. உள்ள ஏறி செம்ப தின்னுட்டுது."

கெட்ட துண்டை வெட்டியெறிந்து புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்தார். இப்போது பல்பு கண்ணைக் கூசவைத்தது. கப்ளரைச் சொருகிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சடையன் வாசலுக்கு வந்தார். பிறகு டீக்கடைக்குக் கேட்கும்படி கத்தினார். "டேய் அன்பரசு! வண்டிய எடு. நாளைக்கும் நீதான் வரணும். தப்பு உன்னுது இல்ல."

"ஏறுங்க மாமா."

"இத்துனூண்டு பல்பு எரிஞ்சா வண்டி மல ஏறிடுமா? எனக்கு நம்பிக்க இல்ல. நீ போ."

"பஸ்ஸு சாயந்தரம்தான் மாமா."

"காலு இருக்குது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வண்டி அவரைத் தாண்டி மெதுவாகப் போனது. புளிக்கு இவ்வளவு பல் ஏது என்று முனகியபடி, அவர் ரோட்டோரமாகவே நடந்தார்.