வாயசைக்கச் சொன்ன மேடை

அருமைராசா அண்ணை சிடியை நீட்டினவுடன இமெல்டாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கிழமை நாளில சென்ட் லோரன்ட் பக்டரி, சனி ஞாயிறில அண்ணையின்ர சவுண்ட் வேலை எண்டு ரெண்டு வருசமாய் ஓடுறவள் அவள். இரண்டாயிரத்து ஆறு ஆடி மாசம், புரோசார்ட் கடைத்தொகுதி வாசலில மேடை.

"அவை பாடிப் பதிஞ்ச பாட்டு இதில இருக்கு பிள்ளை. மைக் ரெண்டையும் மூடிவிடு. பாடுற ரெண்டு பேரும் சும்மா வாயசைப்பினம். ரீவிக்காரர் எடுக்கினம், பிசகக்கூடாதாம்."

"ஆரண்ணை பிசகிறது? ஒசாக்காவில றெயில் ஸ்ரேசன் வாசலில ஆறு வருசம் பாடின சோடி. போன மாரி முழுக்க எங்கட மெற்றோ வாசலில மைக் இல்லாமல் பாடினதுகள். பஸ் இரைச்சலுக்கு மேலால எனக்குக் கேட்டது. அதுகளை வாயசைக்கச் சொல்ல உங்களுக்கு விசரே?"

"எனக்கென்ன, அந்தப் பெடியனே ஓம் எண்டிட்டான்."

பெடியன் எண்டது மிற்சுரு. கிற்றார் வாசிச்சு, சோடிக்காரி சயாகாவோட சேர்ந்து பாடிறவன். அவளிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை, நாசமாய்ப் போவான். சனம் கூடின பிறகுதான் அவளுக்கே தெரியும். ஓடிவந்து இமெல்டாவின்ர கையைப் பிடிச்சாள். "என்ர மைக்கைத் திறந்துவிடுங்கோ" எண்டு அரைகுறைப் பிரெஞ்சில கேட்டாள். முகம் கொதிச்சுச் சிவந்திருந்தது.

இமெல்டா திறக்கேல்லை. வேலை போயிடும் எண்ட பயம்தான், வேறென்ன. சிடியைப் போட்டாள்.

ரெண்டு வரி போகேல்லை, சயாகா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஸ்பீக்கருக்குள்ளால அவளின்ர குரல் தன்பாட்டில பாடிக்கொண்டே இருந்தது. சனம் சிரிச்சுது. மிற்சுரு வெக்கமில்லாமல் வாயசைச்சுக்கொண்டு நிண்டான். சயாகா மேடையால குதிச்சு, சனத்துக்கு முன்னால நிண்டு தொண்டை கிழியப் பாடினாள். எங்க கேக்கிறது? சிடியில இருந்த அவளின்ர குரலே அவளை அமுக்கிப்போட்டுது.

மாதாவே, உதுக்கு நானும் உடந்தையோ! இமெல்டா சிடியை நிப்பாட்டினாள்.

"ஏய், என்ன செய்யிறாய்? இனி என்னட்டை வேலைக்கு வராதை!"

"வரேல்லை, போங்கோ! சனத்தைப் பேய்க்காட்டி நீங்களே பிழையுங்கோ!"

இப்ப சயாகாவின்ர குரல் மட்டும்தான். கார் நிப்பாட்டிற இடத்தில நிண்ட சனமும் திரும்பிப் பாத்துது. மிற்சுரு கிற்றாரைப் பிடிச்சபடி கமராக்காரரைப் பாத்தான். பேந்து, அவன் பாடவேண்டிய வரி வந்தது. சயாகா நிப்பாட்டிப்போட்டு, திரும்பி அவனைப் பாத்தாள். ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அவன் வாய் திறக்கேல்லை.

அவன்ர வரியையும் அவளே பாடினாள், அவனை முறைச்சபடி.