அண்ணா என்று கூப்பிடாதவள்

கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் அறை ஒரு குளியலறை அளவுதான். கதவைச் சாத்திவிட்டால் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அந்த அறைக்குள் சிநேகிதியின் அண்ணன் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிநேகிதியை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே இவர்கள் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. வாலுவுக்கு ஒரு காதலன் உண்டு. ஞாயிறு தவறாமல் அவனைப் பார்க்கப் போய்விட்டு, வீட்டில் "கண்ணாடிக்காரி கடையில இருந்தேன்" என்பாள். எட்டு மாதமாக அந்தப் பொய்க்குக் காவல் இவள்தான். அடுத்தவள் காதலுக்கு இவளுக்கு எவ்வளவு வாய்! தன் காதலுக்கு மட்டும் வாய்ப்பூட்டு.

ஏனென்றால் இவள் மனசில் இருந்தவன் இதோ, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்காரனேதான். வாலுவின் மற்ற சிநேகிதிகள் அவனை வாய் நிறைய அண்ணா என்பார்கள். இவள் மட்டும், அவன் மனசில் புகுந்த இந்த இரண்டு வருடமாக அந்தச் சொல்லைத் தொடாமல் தப்பித்து வந்தாள். "இங்க பாருங்க", "வந்து..." என்று இழுத்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். அப்பப்பா, என்ன பாடு!

"எழுத்தெல்லாம் கொஞ்சம் மங்கலாத் தெரியுது" என்றான். கண்ணுக்காக வந்தவன் குரலாக அது இல்லை.

கண்ணாடி வில்லைகளை மாற்றிப் பார்க்கும் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, வலது கண்ணை மறைக்கக் கறுப்பு வில்லையைச் செருகினாள். "அந்த வரிசையப் படிங்க."

இரண்டு எழுத்து படித்தான். நிறுத்தினான். "போன ஞாயித்துக்கிழமை வாலு இங்கயா இருந்தா?"

காலையிலிருந்து வாலுவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உண்மையைச் சொன்னால் வாலு தொலைந்தாள். பொய் சொன்னால், என்றைக்காவது தெரியவரும்போது இவன் இவள் முகத்திலேயே முழிக்க மாட்டான். மூடாத அந்த ஒற்றைக் கண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்ட வில்லையை எடுத்து அவசர அவசரமாக இடது பக்கமும் செருகினாள்.

"இங்கதான் இருந்தா. சாயங்காலம் வரைக்கும். சத்தியமா, அண்ணா."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அடிப்பாவி, என்னடி சொல்லித் தொலைத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காது இரண்டும் சுட்டன.

"ம்... இப்ப படிங்க."

"என்னத்தப் படிக்கிறது? ரெண்டு கண்ணையும் மூடிட்டியே."

பார்த்தாள். அந்தப் பக்கமும் கறுப்பு வில்லைதான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு தப்பு அவள் செய்ததில்லை. அவன் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"காலையில வாலுவே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. வீடே ரணகளமா கிடக்கு. அவ போனை அம்மா பிடுங்கி வெச்சிருக்காங்க. யார் ஏமாத்தினாலும் நீ என்கிட்ட உண்மையச் சொல்லுவேன்னு நம்பி வந்தேன்." அவன் எழுந்தான். "உன்மேல எனக்கு ஒரு... சரி, விடு. அதான் அண்ணான்னு சொல்லிட்டியே."

கதவுப் பிடியில் கை வைத்தான். இப்போது விட்டால் போச்சு. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நில்லுங்க. பொய்தான் சொன்னேன். அவ என் சிநேகிதி, அவளுக்காக இன்னொரு தடவை கேட்டாலும் சொல்லுவேன். ஆனா கடைசியா ஒரு வார்த்தை சொன்னேனே, அது அவளுக்காக இல்ல. பயத்துல உளறிட்டேன். இந்த ரெண்டு வருஷத்துல என்னைக்காவது அப்படிக் கூப்பிட்டிருக்கேனா?"

அவன் திரும்பவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை.

"என்மேல கோவம் தீராதுன்னா போங்க, நான் தடுக்கல" என்றாள். "ஆனா அண்ணனாப் போகாதீங்க."