இறக்கத்துக்கு இரண்டு கம்பு

சதுரகிரி ஏறும்போது ஊன்றிவந்த கம்பை மேலே போனதும் மரத்தில் சாய்த்துவிட வேண்டும். சாமியைப் பார்த்த பிறகும் கம்பை ஊன்றினால் வேண்டுதல் பலிக்காது என்பது எங்கள் நாரணாபுரம் தெருவின் நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று அம்மாவும் சாய்த்தாள். அவள் வேண்டுதலே வலது முட்டிக்காகத்தான்.

அம்மா வெடி கம்பெனியில் சரம் பின்னுகிறாள். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவள் காலை நீட்டியிருந்ததைப் பார்த்த போர்மேன், "லீவு முடிஞ்சு வரும்போதும் முட்டி மடங்கலேன்னா வேற ஆளப் போட்ருவேன்" என்று சொல்லியிருந்தார். லீவு அந்த ஒரு நாள்தான்.

ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர அம்மாவுக்கு வலியில்லை. இறங்கத் தொடங்கியதும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விளங்கவில்லை. ஏறுவதுதானே கஷ்டம்? அவள் முட்டியில் கையை வைத்துக்கொண்டு ஒரு படி இறங்கச் சொன்னேன். பாதம் கீழே பட்டதும் ஓர் அதிர்வு என் உள்ளங்கைவரை வந்தது.

திரும்ப மேலே ஓடி, மரத்தில் சாய்த்திருந்தவற்றில் இரண்டு கம்புகளை எடுத்தேன். "ஏ பிள்ள, அத எடுக்காத!" என்று யாரோ கத்தினார்கள். தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது. கம்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

"வேண்டுதல் போயிரும்டி" என்றாள் அம்மா.

"சாமி முட்டியத்தானம்மா பாக்கணும், கம்பையா பாக்கும்?"

பக்கத்து வீட்டு மாடத்தி அத்தை பின்னால் வந்துகொண்டிருந்தாள். "என்ன மதினி, போகும்போது ரெண்டு காலு, வரும்போது நாலு காலா? வாலு எங்க?"

"அதான் நீ பின்னாலயே வாரியே" என்றாள் அம்மா.

முதலில் அம்மா கம்புகளைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றினாள். பலனில்லை. கம்புகளின் மேல்நுனியைப் பிடித்து, கீழ்ப்படியில் முதலில் கம்புகளை ஊன்றி, பாரத்தை அதில் போட்ட பிறகு காலை இறக்கச் சொன்னேன். மறுபடி முட்டியைத் தொட்டேன். அதிர்வு பாதிகூட இல்லை. அப்படியானால் அது எங்கே போனது? அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானாகவே எழுந்தாள். கொண்டை போடத்தான் கையைத் தூக்க முடியவில்லை.

"முட்டியில கெடந்தத தோளுக்கு ஏத்திவிட்டுட்டியேடி!"

எனக்குப் பயமாகிவிட்டது. "சரம் பின்ன முடியுமாம்மா?"

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "பின்னுறது வெரலு. தோளு சும்மாதான இருக்கு."

நான் கொண்டை போட்டு முடிக்கவும் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கைகளை ஆட்டாமல் நேராக நடந்த அம்மா, வாசலில் சாய்த்திருந்த கம்புகளைப் பார்த்து நின்றாள்.

"உள்ள எடுத்து வையி. மாடத்தி கேட்டா, வேண்டுனத சாமி கம்பாத்தான் குடுத்துச்சுன்னு சொல்லு."