நாற்பத்தேழு யாருக்கு

ஒரே ஒரு எண்ணுக்காக மூன்று மாதம் காத்திருந்தாள் அவள். மருந்து வைக்கும் குளிர் அறைகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. கணினியின் மையமான கெர்னலுக்குள் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் வேண்டும்; ஒரே எண்ணை இரண்டு பேர் எடுத்துவிட்டால் ஒருவருடைய கட்டளை இன்னொருவருடையதில் போய் விழும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரைப் பட்டியல்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒருவழியாக அவரிடமிருந்து கடிதம் வந்தது: "நாற்பத்தேழு உங்களுக்கு." அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவள் அண்ணன் வேறொரு நிறுவனத்தில் திரைகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்குப் போயா மூணு மாசம்? நான் கைக்கு வந்த நம்பரை எடுத்துப் போட்டுட்டேன். எவன் வந்து கேக்கப்போறான்?"

"எந்த நம்பர்ணா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? குழம்பை இந்தப் பக்கம் தள்ளு."

அவளும் அதற்குமேல் துருவவில்லை.

இரண்டு வருடம் கழித்து, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் அவள் நிரலும் அண்ணன் நிரலும் ஒரே கணினியில் ஏறின. திரை மங்கலாக இருக்கிறதே என்று நர்ஸ் வெளிச்சத்தை முப்பதுக்கு ஏற்றினாள். பக்கத்துக் குளிர் அறையும் முப்பது டிகிரிக்கு ஏறியது; அண்ணன் எடுத்துப் போட்டிருந்ததும் நாற்பத்தேழுதான். ஆறு மாதத்துத் தடுப்பூசி மொத்தமும் பாழ். செய்தி கேட்டுத் தங்கை போய்ச் சேர்ந்தபோது, கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில், "அறை உங்க நிரல்லதானே ஓடுது?" என்று அவளைத்தான் கேட்டார்கள். அவள் பட்டியலை எடுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "பட்டியல் ஒரு மரியாதைக்குத்தான் சார். கட்டாயம்னு எங்கயும் எழுதலையே."

பட்டியல்காரர் தொண்டையைச் செருமினார். "நியாயம் உன் பக்கம்தாம்மா. ஆனா அவரோடது லட்சம் திரையில ஓடுது, உன்னோடது நாப்பது அறையில. நம்பரை நீயே மாத்திக்கோயேன்."

மாற்றினாள். பழி மட்டும் அவள் பெயரிலேயே நின்றது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வும் போனது.

"அண்ணன்தானே, விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவ?" என்றாள் அம்மா.

"அவன்கிட்ட ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கியாம்மா?"

அம்மா துணி மடிப்பதில் மும்முரமானாள்.

பட்டியல்காரர் ஓய்வு பெற்றதும், அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று தேடி அண்ணனையே அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அடுத்த எண்ணுக்கு அவனுக்குத்தான் அவள் எழுத வேண்டியிருந்தது. மறுநாளே பதில் வந்தது. எண்ணுக்குக் கீழே ஓர் அறிவுரை: "பதிவு செய்யாத எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். முன்பு அதனால் பெரும் சேதம் நேர்ந்துள்ளது."

இரண்டு முறை படித்தாள். "நன்றி" என்று பதில் எழுதி, அழித்துவிட்டு, எண்ணை மட்டும் நிரலில் ஏற்றினாள்.